ஞானசவுந்தரி நாடகத்தில் தாயும் சிற்றன்னையும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்க மக்களிடையே வழங்கிய நாடகக் கதைகளுள் ஞானசவுந்தரியின் கதையைப் போன்று மக்கள் மனத்தில் வேரூன்றிய கதைகள் மிகச் சிலவே. தாயை இழந்து, சிற்றன்னையின் கொடுமையாற் கைகளையும் இழந்து, தேவமாதாவின் அருளால் அக்கைகளை மீளப் பெற்ற ஒரு பெண்ணின் கதை அது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்தாகவும் வாசாப்பாகவும் ஆடப்பட்டு வந்த இக்கதை, அப்பகுதிகளிலிருந்து தொழில் நாடித் தலைநகருக்கு வந்த குடும்பங்களுடன் கொழும்புக்கும் வந்தது. புனித லூசியா பேராலயத்தையும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலையும் அண்டித் தமிழரும் பரதரும் கொழும்புச் செட்டிகளும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த கொட்டாஞ்சேனை, இத்தகைய கதைகளைப் போற்றுவதற்கு ஏற்ற சூழலாக இருந்தது.

இந்நாடகத்தைப் பற்றிப் பேசியோர் பெரும்பாலும் அதன் பக்திச் சுவையையும் பாடற் சிறப்பையுமே எடுத்துரைத்துள்ளனர். தலைவி தன் இறந்த தாயின்பாலும், தாயின் இடத்துக்கு வந்த சிற்றன்னையின்பாலும் கொண்டிருந்த உணர்வு யாது என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. அவ்வுணர்வை உருவாக்கிய சமூக நிலைமைகள் எவை? அவ்வுணர்வால் மறைக்கப்பட்டவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணும் முயற்சியாக இக்கட்டுரை அமைகின்றது.

கதையும் அதன் வழியும்

தர்மர் என்னும் அரசனின் மகள் ஞானசவுந்தரி. தாய் இறந்தபின் தந்தை லேனாள் என்பவளை மணம் புரிகின்றான். பொறாமை கொண்ட லேனாள் ஞானசவுந்தரியைக் காட்டுக்குக் கொண்டு சென்று கொன்றுவிடும்படி ஏவுகின்றாள். ஏவலர் இரக்கமுற்று அவளைக் கொல்லாது, கைகளை மட்டும் வெட்டி அடையாளமாகக் கொண்டு செல்கின்றனர். காட்டில் அவளைக் கண்ட பிலேந்திரன் என்னும் அரசகுமாரன் அவளை மணக்கின்றான். அவன் பிரிந்திருக்கும் வேளையில் அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. சிற்றன்னையின் சூழ்ச்சியாற் கடிதம் மாற்றப்பட, கையற்ற அப்பெண் குழந்தைகளுடன் மீண்டும் காட்டுக்கு அனுப்பப்படுகின்றாள். அங்கே தேவமாதா அவளுக்குக் கைகளைத் திரும்ப அளிக்கின்றாள். முடிவிற் கணவனும் மனைவியும் ஒன்றுசேர்கின்றனர்.

இக்கதை இந்நாட்டில் தோன்றியதன்று. கையிழந்த கன்னியின் கதை மத்திய கால ஐரோப்பாவிற் பல வடிவங்களில் வழங்கியது. 13ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு மொழியில் எழுந்த 'லா மனெக்கீன்' அவற்றுள் ஒன்று. கிறிம் சகோதரர் தொகுத்த ஜெர்மானியக் கதைகளிலும் இதன் ஒரு வடிவம் உண்டு. கத்தோலிக்க சமயத்துடன் கீழைக் கடற்கரைகளுக்கு வந்த இத்தகைய கதைகளைத் தமிழ்ப் புலவர்கள் தம் நாடக மரபுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டனர். இத்தமிழ்க் கூத்து மரபிலிருந்தே சிங்கள நாடகம என்னும் அரங்க வடிவமும் வளர்ந்தது என்பது அறிஞர் பலரும் ஒப்புக்கொண்ட உண்மை.

1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பகுதியில் ஏட்டு வடிவில் வழங்கிய நாடகங்களை அச்சேற்றியபோது, மூவிராசாக்கள் நாடகம், என்றீக்கு எம்பரதோர் நாடகம் ஆகியவற்றுடன் ஞானசவுந்தரி நாடகமும் நூலுருப் பெற்றது. தென்னிந்தியாவில் இக்கதை தொழில்முறை நாடகக் குழுக்களின் மேடைக்கு ஏறிப் பின்னர் திரைக்கும் சென்றது. 1948ஆம் ஆண்டில் எம். வி. ராஜம்மா தலைவியாகவும் டி. ஆர். மகாலிங்கம் தலைவனாகவும் நடித்து வெளிவந்த திரைப்படம் பெருவரவேற்பைப் பெற்றது. கத்தோலிக்கரல்லாத தமிழரும் இக்கதையை அறிந்துகொண்டமைக்கு அப்படம் முக்கிய காரணமாயிற்று.

இறந்த தாயும் வானகத் தாயும்

இந்நாடகத்தில் ஈன்ற தாய்க்கு இடமில்லை. அவளுடைய இறப்பு கதையின் தொடக்கமேயன்றிக் கதையின் நிகழ்ச்சியன்று. அவளது முகமோ குரலோ மகளுக்கு அவள் விட்டுச்சென்ற சொல்லோ கதைக்குத் தேவைப்படவில்லை. மகளின் தாய்ப்பாசம் முழுவதும் தேவமாதாவை நோக்கித் திருப்பப்படுகின்றது. துன்பம் நேரும்போதெல்லாம் அவள் அழைப்பது வானகத் தாயையே. இதனை வெறுமனே சமயப் பிரசாரம் என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. தாயை நினைவில் வைத்திருக்க இயலாத வயதில் அவளை இழந்த ஒரு பிள்ளைக்கு, ஏங்குவதற்கு உரிய உருவம் ஒன்று வேண்டியிருக்கின்றது. கோயிலில் நிற்கும் சுரூபம் அவ்வுருவத்தை அளிக்கின்றது. தாயற்ற பிள்ளைகள் பலர் வாழ்ந்த ஒரு சமுதாயத்தில் இது பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை.

கைகள் எப்பொழுது மீள்கின்றன என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. அவள் மகளாக இருந்து அழுதபோது அவை மீளவில்லை. மனைவியாகி அரண்மனையில் வாழ்ந்தபோதும் மீளவில்லை. அவளே தாயாகி, ஏந்துவதற்குக் கையின்றிக் குழந்தைகளுடன் காட்டில் நின்றபோதே மீள்கின்றன. தாய்க்காக ஏங்கிய உணர்வு, தான் தாயாக இருக்க வேண்டிய கடமையாக மாறும் இடம் அதுவே. நாடகத்தின் உணர்ச்சி மையம் இவ்விடத்திலேதான் உள்ளது எனலாம்.

சிற்றன்னையின்பால் மௌனம்

சிற்றன்னையின்பால் ஞானசவுந்தரி கொண்ட உணர்வைத் தேடுவோர் ஒரு வெறுமையையே காண்பர். அவள் பழிவாங்கப் புறப்படும் தலைவி அல்லள். பொறுமையே அவளது குணம். சிற்றன்னையின் தீமைக்கு அவள் அளிக்கும் விடை மன்றாட்டு மட்டுமே. வெறுக்கும் வேலையை நாடகம் பார்வையாளரிடம் ஒப்படைத்துவிடுகின்றது. தலைவி தூயவளாகவே இருக்க, லேனாளை வெறுக்கும் பொறுப்பு மேடையின் முன் அமர்ந்திருப்போர்க்கு உரியதாகின்றது.

லேனாளுக்கும் உணர்வு கூறப்படுவதில்லை. ஓர் அரசனின் இரண்டாம் மனைவியாக வந்து, முதல் மனைவியின் மகளே அரண்மனையின் கண்ணாக விளங்குவதைக் கண்டு நின்ற பெண் அவள். அவளது அச்சம் பொறாமை என்ற ஒரே சொல்லில் அடக்கப்படுகின்றது. கூத்திற் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர் என்பதும், பாட்டெழுதிய புலவரும் பழக்கிய அண்ணாவியாரும் ஆண்களே என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கன. மகளும் சிற்றன்னையும் மேடையிற் பேசிய சொற்கள் யாவும் ஆண்கள் எழுதி ஆண்கள் பேசியவை.

கொடிய சிற்றன்னை உலகக் கதைகளுக்குப் பொதுவானவள். கிறிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட வெண்பனிச் சிறுமியின் கதையில் மகளைக் கொல்ல முயல்பவள் ஈன்ற தாயே. 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாயாக்கப்பட்டாள். தாய் என்னும் சொல்லின் தூய்மையைக் காக்கும் பொருட்டே அம்மாற்றம் நிகழ்ந்தது. உளவியலாளர் புரூனோ பெத்தல்ஹைம் 1976இல் எழுதிய நூலில், குழந்தை தன் தாயின் அன்பு முகத்தையும் சின முகத்தையும் இரு வேறு பெண்களாகப் பிரித்துக் காண்பதற்கு இக்கதைகள் உதவுகின்றன என விளக்கினார். அவ்விளக்கம் பயனுடையதே. ஆயினும் அது எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே விடையைத் தருகின்றது. ஒரு சமுதாயம் சிற்றன்னையை ஏன் அவ்வளவு அஞ்சியது என்பதை அறிய அச்சமுதாயத்தின் வரலாற்றையே நோக்குதல் வேண்டும்.

பிரசவ இறப்பும் மறுமணமும்

தாயற்ற பிள்ளை முன்னாளிற் கதைகளில் மட்டும் காணப்பட்ட பாத்திரமன்று. 1930களில் இலங்கையில் 100,000 உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். மருத்துவச்சிகளின் பயிற்சியும் மகப்பேற்று நிலையங்களும் மலேரியா ஒழிப்பும் பரவியதன் பயனாக 1950 அளவில் அத்தொகை 600க்குக் கீழே வந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் அது 50க்கும் குறைவு. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையாற் கொழும்பில் மகப்பேற்று மனை திறக்கப்பட்டது 1879இலேயே. அதற்கு முந்திய தலைமுறைகளின் நிலையை இத்தொகைகளைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ஞானசவுந்தரியை மேடையிற் கண்ட மக்களுள் தாயை இழந்தவர்களும், தாரமிழந்தவர்களும், தாரமிழந்தவரை மணந்து வந்த பெண்களும் ஒருங்கே அமர்ந்திருந்தனர் என்பதே இதன் பொருள்.

தாரமிழந்தவன் யாரை மணந்தான் என்பதும் முக்கியமானது. இறந்த மனைவியின் தங்கையை மணப்பது தமிழரிடையே பரவலாக இருந்த வழக்கம். பிள்ளைகளுக்கு அவள் முன்பே சின்னம்மா. தாய் இறந்தபின் அதே முறைப்பெயருடன் அதே வீட்டில் தாயின் இடத்துக்கு வருகின்றாள். சிறியதாய், சின்னம்மா என்னும் பேச்சுவழக்குச் சொற்கள் தாயின் தங்கையையும் தந்தையின் இரண்டாம் மனைவியையும் வேறுபாடின்றிக் குறிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மாற்றாந்தாய் என்ற சொல்லோ வேறு வகையானது. மாற்றாள் என்பது சக்களத்தியைக் குறிப்பது. மாற்றான் என்பது பகைவனைக் குறிப்பது. ஒரே பெண் ஒரு சொல்லிற் சிறிய தாயாகவும் மறு சொல்லிற் பகையாகவும் நிற்கின்றாள்.

கத்தோலிக்கரிடையே மைத்துனியை மணத்தல் அத்துணை எளிதாக இருக்கவில்லை. அத்தகைய மணத்தைத் திருச்சபைச் சட்டம் மணத்தடையாகக் கொண்டமையால் அதற்குச் சிறப்பு அனுமதி பெற வேண்டியிருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்ற அத்தடை 1983ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே நீக்கப்பட்டது. ஆகவே கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வரும் இரண்டாம் மனைவி, பிள்ளைகளுக்கு முன்பின் அறியாத பெண்ணாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. லேனாளின் கதை கத்தோலிக்கரிடையே ஆழப் பதிந்தமைக்கு இதனையும் ஒரு துணைக் காரணமாகக் கொள்ளலாம்.

சீதனமாக நின்ற தாய்

இப்பிரச்சினையைக் கூத்தரங்குக்கு வெளியே சட்டமும் எதிர்நோக்கியது. ஒல்லாந்தர் ஆட்சியிற் கிளாஸ் ஐசக்ஸ் என்பவராற் தொகுக்கப்பட்டு 1707இல் நிறைவுபெற்ற தேசவழமை, பிரித்தானியர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தாற் சட்ட வலுப்பெற்றது. மனைவி இறந்தால், மறுமணம் செய்யும்வரை தந்தையே சொத்தை ஆளலாம் என்கின்றது அது. அவன் மறுமணம் செய்ய விரும்பும்போது, சிறு பிள்ளைகளை வழக்கமாகத் தாயின் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் பொறுப்பேற்று வளர்ப்பர். அவ்வேளையில் இறந்த மனைவியின் சீதனம் முழுவதையும், முதல் மணக் காலத்திற் தேடிய தேட்டத்திற் பாதியையும் தந்தை அப்பிள்ளைகளுடன் ஒப்படைத்தல் வேண்டும்.

சிற்றன்னை கொடியவளா நல்லவளா என்னும் வினாவைத் தேசவழமை எழுப்பவேயில்லை. மறுமணத்தின் விளைவுகளுக்குத் தந்தையையே அது பொறுப்பாக்குகின்றது. இறந்த தாய் அங்கே வீடாகவும் வளவாகவும் நகையாகவும் மகளுடன் நிற்கின்றாள். பேர்த்தியை ஏற்கும் அம்மம்மாவின் உருவிலும் நிற்கின்றாள். ஞானசவுந்தரிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அவளுடைய தாய்வழி உறவினர் கதையில் தலைகாட்டுவதில்லை. தாயின் உடைமை என ஒன்று அவளிடம் இருந்ததாகவும் கதை கொள்ளவில்லை. எல்லாம் அரசனுடையவை, அரசனோ லேனாளுடையவன்.

கொழும்பிலும் இவ்வேறுபாடு நிலவியது. யாழ்ப்பாணத்திலிருந்து அரச சேவையின் பொருட்டு வந்து வெள்ளவத்தையில் வீடு வாங்கிய குடும்பங்கள் பொதுவாகத் தேசவழமையைத் தம்முடன் கொண்டுவந்தன. அச்சட்டம் ஆளைத் தொடர்வது. கொட்டாஞ்சேனையிற் பல தலைமுறையாக வாழ்ந்த செட்டிகளுக்கும் பரதருக்கும் இந்திய வழித் தமிழருக்கும் நாட்டின் பொதுச் சட்டமே உரியது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாசனமின்றி இறந்த பெண்ணின் உடைமையிற் பாதி கணவனைச் சேரும், மறுபாதியே பிள்ளைகளுக்கு. அக்கணவன் மறுமணம் செய்தால் இறந்தவளின் உடைமையிற் பாதி புதிய குடும்பத்துள் சென்று கலக்கும். ஒரே நகரில், கடற்கரை வீதி ஒன்றின் இரு முனைகளைப் போன்று அமைந்த இரு பகுதிகளில், தாயற்ற மகளின் நிலை இருவகையாக இருந்தது. சிற்றன்னையைப் பற்றிய அச்சத்திற் சொத்தைப் பற்றிய அச்சமும் அடங்கியிருந்தமையை இது காட்டுகின்றது.

மணிமேகலையின் இரு தாயர்

தமிழ் இலக்கிய மரபில் இரு தாயரையுடைய தலைவி ஞானசவுந்தரி மட்டுமல்லள். மணிமேகலைக்கு ஈன்ற தாய் மாதவி. தந்தையின் மனைவி கண்ணகி. உலக வழக்கின்படி நோக்கினால் மாதவியும் கண்ணகியும் ஒருவர்க்கொருவர் மாற்றாள். ஆயினும் மாதவி தன் மகளைக் கண்ணகியின் மகள் என்றே அறிவித்து, அவ்வுறவைக் காட்டியே அவளைக் கணிகையர் வாழ்விலிருந்து விலக்குகின்றாள். மணிமேகலையும் வஞ்சி நகரிற் கண்ணகியின் படிமத்தின் முன் தாயின் முன் நிற்கும் மகளாகவே நின்று வினவுகின்றாள். முன்பு கண்டறியாத அத்தாயின்பால் அவள் கொள்ளும் உணர்வு பாசமும் வியப்பும் கேள்வியும் கலந்தது. மதுரையை எரித்தது ஏன் என்று கேட்கும் உரிமையும் அவ்வுணர்வில் அடங்கும்.

இவ்விரு தலைவியரும் மறைந்த ஒரு தாயைத் தெய்வமாகக் கண்டவர்கள். கண்ணகி வழிபாடு மட்டக்களப்பின் கண்ணகை அம்மன் கோயில்களிலும், கொழும்பை அடுத்த நவகமுவைப் பத்தினி தேவாலயத்திலும் தொடர்ந்து வருகின்றது. தாய்த் தெய்வத்திடம் முறையிடும் இம்மரபு வேரூன்றிய மண்ணில் தேவமாதாவிடம் முறையிடும் ஞானசவுந்தரி அந்நியளாகத் தோன்றாதது இயல்பே. வேறுபாடு ஒன்றுண்டு. மணிமேகலை தெய்வமான தாயிடம் கேள்வி கேட்கின்றாள். ஞானசவுந்தரி வேண்டுதல் மட்டுமே செய்கின்றாள். கோவலனின் பிழையைச் சிலப்பதிகாரம் மறைக்கவில்லை. தர்மரின் பிழையை ஞானசவுந்தரி கதை பேசுவதில்லை.

மறைந்து நிற்கும் தந்தை

ஐரோப்பிய வடிவங்களோடு ஒப்பிடுகையில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். 'லா மனெக்கீன்' கதையில் மகளின் துன்பத்துக்குக் காரணன் தந்தையே. இறந்த மனைவியின் சாயலை மகளிடம் கண்டு அவளையே மணக்க முற்படும் அவனிடமிருந்து தப்புவதற்காகவே அவள் தன் கையை வெட்டிக்கொள்கின்றாள். கிறிம் சகோதரரின் கதையிற் பேய்க்கு அஞ்சி மகளின் கைகளை வெட்டுபவனும் தந்தையே. வேறு சில வடிவங்களில் மாமியாரோ மாற்றாந்தாயோ கொடுமை செய்கின்றனர். தமிழ் மேடையில் நிலைபெற்றது சிற்றன்னை வடிவமாகும். அதில் தந்தை ஏமாற்றப்பட்ட நல்லவன். மறுமணம் செய்தவன் அவன். மகளைக் காக்கத் தவறியவன் அவன். எனினும் பார்வையாளரின் சினம் அவனைத் தீண்டுவதில்லை.

ஈழத்துப் பெண்ணொருத்தி கதை எழுதியபோது இந்நிலை மாறியது. மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட 'நொறுங்குண்ட இருதயம்' நாவலின் தலைவி கண்மணியும் ஞானசவுந்தரியைப் போன்று பொறுமையே வடிவானவள். கிறிஸ்தவப் பக்தியிலும் அவளுக்குக் குறைந்தவளல்லள். ஆனால் அவளுடைய துன்பத்துக்குக் காரணமாகக் காட்டப்படுவது கணவனின் கொடுமை. பொறுமை என்ற பழைய அணியைக் களையாமலே, குற்றத்தை ஒரு பெண்ணின் தலையிலிருந்து இறக்கி ஆணின் முன் வைத்தார் அவ்வாசிரியை. நாடகத்தில் ஆண்கள் எழுதிய உணர்வுக்கும் நாவலிற் பெண் எழுதிய உணர்வுக்கும் உள்ள இவ்வேறுபாடு தற்செயலானதன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஞானசவுந்தரி நாடகம் தாயற்ற மகளுக்கு இரு உணர்வுகளை மட்டுமே அனுமதித்தது எனலாம். மறைந்த தாயின்பால் மன்றாட்டு. இருக்கும் சிற்றன்னையின்பால் மௌனம். தாய்மார் இளமையிலேயே இறந்த காலத்தில் முதலாவது உணர்வு பல பிள்ளைகளுக்கு ஆறுதலளித்தது. இரண்டாவது, தாரமிழந்தவரின் வீட்டுக்கு வாழவந்த பெண்கள் பலரை அவர்கள் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே குற்றவாளிகளாக்கியது. தேசவழமை தந்தையிடம் கேட்ட கணக்கை நாடகம் கேட்கவில்லை.

இதனாற் கதையின் கலைச் சிறப்பு குறைவுபடாது. கையற்ற தாய் குழந்தைகளை ஏந்தக் கை பெறும் காட்சி எக்காலத்துக்கும் உரியது. ஆயினும் இந்நாடகத்தைப் பதிப்பிப்போரும் மீண்டும் மேடையேற்றுவோரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. தாயை இழந்த மகள் ஒருத்திக்குத் தந்தையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்திருக்கும். சிற்றன்னைக்கும் சொல்ல ஏதேனும் இருந்திருக்கும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்றும் சின்னம்மா என்று அழைக்கப்படும் பெண்கள் பலர், பிறர் ஈன்ற பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்து ஆளாக்கியவர்கள். அவர்களின் கதைக்கும் நம் அரங்கில் இடம் உண்டாதல் வேண்டும்.